கப்போயிராவுக்குக் கதவு இருக்கு, நம்ம கூத்துக்கு?

இருபது வயதைத் தாண்டிய ஒருவர், உடம்பை வைத்துச் செய்கிற ஒரு கலையைப் புதுசாகப் பழகப் போகிறேன் என்று நம்ம தோட்டங்களில் சொன்னால் முதலில் சிரிப்பு வரும். பிறகு, "இனிமே எங்க? எலும்பு முத்திப் போச்சே" என்பார்கள். சொல்வது ஒரு பெண் என்றால் சிரிப்புக்கு முன்னாலேயே ஒரு முறைப்பு வந்துவிடும். நடனமோ, சிலம்பமோ, கராத்தேயோ, எதுவானாலும் சின்ன வயதில் சேர்ந்திருக்க வேண்டும். அப்போது சேராதவர் மிச்ச ஆயுளுக்கும் ஓரமாக நின்று கைதட்டுகிற ஆள்தான். யாரும் எழுதி வைக்காத சட்டம் இது.

இந்தச் சட்டம் தவறு என்பது என் கட்சி. அதற்கு நான் கையில் எடுக்கும் சாட்சி பிரேசில் நாட்டுக் கப்போயிரா. சண்டையும் ஆட்டமும் பாட்டும் கலந்த அந்தக் கலை இன்று உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறது. தமிழ் மண்ணில், ஆரோவில்லிலும் பல வருஷமாக அது கற்பிக்கப்படுகிறது. இவ்வளவு தூரம் வந்ததற்கு அதன் அழகு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒன்றுமே தெரியாத வளர்ந்த ஆள் வந்து நிற்பதற்கு அதன் ஆசான்கள் ஒரு வகுப்பைக் கட்டியதுதான். நம்ம காமன் கூத்துக்கும் தப்புக்கும் கம்பு சுத்துவதற்கும் அப்படி ஒரு வகுப்பு இல்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

மெஸ்ட்ரியும் மேஸ்திரியும்

கப்போயிரா யாருடைய கலை என்பதிலிருந்து தொடங்குவோம். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, சுமார் 48 இலட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகப் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள். கரும்புத் தோட்டம், சுரங்கம், துறைமுகம், பிறகு கோப்பித் தோட்டம் என்று அவர்களுடைய உழைப்பு போனது. அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தெருக்களிலும் துறைமுகங்களிலும் வளர்த்தெடுத்தது கப்போயிரா. 1888 மே 13ஆம் திகதி அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. இரண்டே வருஷத்தில், 1890இல் வந்த தண்டனைச் சட்டம், தெருவில் கப்போயிரா ஆடுவதைக் குற்றமாக்கியது. பிடிபட்டால் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. கூட்டத்துக்குத் தலைவன் என்றால் தண்டனை இரட்டிப்பு. சங்கிலியைக் கழற்றிவிட்ட கையோடு, அந்தக் காலும் கையும் என்ன செய்யலாம் என்பதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள்.

நம்ம கதையும் அவர்கள் கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அடிமை முறை வேறு, கங்காணி காட்டிய ஆசையிலும் துண்டுக் கடனிலும் கட்டுண்டு வந்த கூலி முறை வேறு. ஆனால் இரண்டு கதையையும் ஒரே மரம் தொட்டுப் போகிறது. நம்ம ஆட்களை இந்த மலைக்குக் கொண்டுவந்தது கோப்பி. 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் அந்தக் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது, நாம் இங்கேயே நின்றுவிட்டோம். நூறு வருஷம் கழித்து, 1970இல், அதே நோய் பிரேசிலில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடம் பாஹியா மாநிலம். கப்போயிராவின் தாய்வீடு என்று சொல்லப்படும் மாநிலமும் அதுதான்.

இன்னொரு உறவு நம்ம வாயிலேயே இருக்கிறது. கப்போயிரா ஆசானைப் போர்த்துக்கேய மொழியில் 'மெஸ்ட்ரி' என்று அழைப்பார்கள். போர்த்துக்கேயரிடமிருந்து அதே சொல் நமக்கும் வந்தது, நாம் 'மேஸ்திரி' ஆக்கிக்கொண்டோம். நம்ம லயத்துக் 'காம்பரா'வும் அந்த மொழியிலிருந்து வந்ததுதான். சாவியும் ஜன்னலும் அலமாரியும் அப்படியே. ஒரே சொல் அங்கே கலைக்கு ஆசானாகவும் இங்கே வேலைக்குத் தலைவனாகவும் ஆனதைப் பார்த்தால், எங்களுக்கு எதற்கு மேஸ்திரி கிடைத்தார், எதற்குக் கிடைக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த ஆள்

1932இல் பாஹியாவின் தலைநகரான சல்வடோரில் ஒருவர் கப்போயிராவுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். பெயர் மனோயெல் டோஸ் ரேஸ் மச்சாடோ. உலகம் அறிந்த பெயர் மெஸ்ட்ரி பிம்பா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தச்சு வேலை செய்தவர். கப்போயிரா என்ற சொல் பொலிஸாரின் காதில் விழக்கூடாத காலம் என்பதால், தான் கற்பிப்பதற்குப் 'பாஹியா வட்டாரச் சண்டை' என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார். 1937இல் அந்தப் பள்ளிக்கு அரசாங்கப் பதிவு கிடைத்தது. 1953இல் நாட்டின் ஜனாதிபதி கெட்டூலியோ வர்காஸ் அவருடைய ஆட்டத்தைப் பார்த்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஜனாதிபதி பார்த்தது இல்லை. பிம்பா பாடத்தை எப்படி அமைத்தார் என்பதுதான். அதுவரைக்கும் கப்போயிரா பழகுவது என்றால் தெருவில் நின்று பார்ப்பது, அடி வாங்குவது, தானாகப் பிடித்துக்கொள்வது. பையனாக இருக்கும்போதே அந்தத் தெருவில் திரிந்தவனுக்குத்தான் அது சாத்தியம். பிம்பா அதை உடைத்து அடுக்கினார். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று செய்கிற எட்டுத் தொடர்களை அமைத்தார். ஒருவர் அடிக்க, மற்றவர் விலக, பிறகு இடம் மாற்றிக்கொள்ள, எட்டும் முடியும்போது அடிப்படை அடிகளும் விலகல்களும் உடம்பில் ஏறியிருக்கும். புதிதாக வந்தவருக்கு அடிப்படை நடையைப் பழக்க, எதிரே நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கூடவே ஆடுவார். படிப்பு முடிந்தால் பட்டமளிப்பு, கழுத்தில் பட்டுத் துண்டு. மருத்துவப் பீட மாணவர்கள்கூட அவரிடம் வந்தார்கள். அவர்களில் யாரும் துறைமுகத்துத் தெருவில் வளர்ந்தவர்கள் இல்லை.

1941இல் மெஸ்ட்ரி பாஸ்தீன்யா இன்னொரு பள்ளியைத் திறந்தார். பிம்பாவின் வேகமும் புதுமையும் வேண்டாம், பழைய அங்கோலா வழியே போதும் என்று நினைத்தவர். இருவருடைய வழியும் வேறு வேறு. ஆனால், கலையைத் தெருவிலிருந்து ஒரு அறைக்குக் கொண்டுவந்து, நேரம் குறித்து, வந்தவருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது என்பதில் இருவரும் ஒரே பக்கம்.

பிரேசில் என்றதும் சிலருக்கு ஜூஜிட்ஸு ஞாபகம் வரலாம். அந்தக் கதையும் இதையே சொல்கிறது. 1914இல் பிரேசில் வந்திறங்கிய மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானியர், தன் நாட்டுக் கலையை கார்லோஸ் கிரேசி என்ற உள்ளூர் இளைஞனுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த இளைஞனின் குடும்பம் அதை மாற்றி வளர்த்து உலகத்துக்குக் கொடுத்தது. சமையல்காரரும் எழுத்தாளருமான அந்தனி போர்டேன் அதைப் பழகத் தொடங்கியது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. நீலப் பட்டி வாங்கினார், போட்டியில் இறங்கி வென்றார். அவருடைய எலும்பு முத்தவில்லையா என்ன?

முதல் நாளே ஒரு வேலை

போன வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்து கண்டியில் தங்கியிருந்த ஒருவர் வாரத்தில் ஒருநாள் கப்போயிரா சொல்லிக்கொடுத்தார். கெம்பஸ் தோழிகள் நாலு பேர் சேர்ந்து போனோம். ஊருக்குத் திரும்பும்வரை சில மாதம் பழகினேன். நான் அதில் கெட்டிக்காரி இல்லை. ஆனால் ஒரு வளர்ந்த ஆளை அந்த வகுப்பு எப்படி உள்ளே எடுத்துக்கொள்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தேன்.

முதல் ஒரு மணித்தியாலமும் 'ஜிங்கா' மட்டும்தான். ஒரு கால் பின்னால் போகும், அந்தப் பக்கத்துக் கை முகத்துக்கு முன்னால் வரும், பிறகு மறு பக்கம். ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டம். கப்போயிராவில் நிற்பது என்பதே கிடையாது, இந்த அசைவுதான் நிற்கிற முறை. அடியும் விலகலும் குட்டிக்கரணமும் இதிலிருந்துதான் கிளம்பும். குனியத் தெரிந்தவர், கால் மாற்றத் தெரிந்தவர், மேட்டில் ஏறி இறங்கத் தெரிந்தவர் இதைப் பழகலாம். தேயிலை மலையில் சறுக்கலான மண்ணில் கூடையோடு ஏறி இறங்குகிற எங்கள் அம்மாமார்களுக்கு இந்தச் சமநிலை எனக்கு வந்ததைவிடச் சீக்கிரம் வரும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

அதைவிட முக்கியமான விஷயம் வட்டத்தில் இருக்கிறது. 'ஹோடா' என்று அதற்குப் பெயர். நடுவில் இரண்டு பேர் ஆடுவார்கள். ஒரு தலைப்பில் வாத்தியங்கள். அவற்றில் பெரியது பெரிம்பாவ்: ஒரு வில், ஒரு கம்பி, ஒரு சுரைக்குடுக்கை. வில்லுப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு நிமிஷம் உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது பெரிம்பாவ்தான். குதிரைப் பொலிஸ் வருகிறது என்று எச்சரிக்க அதில் தனியாக ஒரு தாளமே இருந்தது என்பார்கள். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் கை தட்ட வேண்டும், பாட்டுக்கு எடுத்துப் பாட வேண்டும். நேற்றுச் சேர்ந்தவருக்கும் இது கட்டாயம். தட்டுகிற கை சோர்ந்தால் நடுவில் ஆடுகிறவர்களும் சோர்ந்துவிடுவார்கள். ஆக, ஒரு குட்டிக்கரணமும் போடத் தெரியாத ஆளுக்கு முதல் நாளே ஒரு வேலை இருக்கிறது. அவர் வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, வட்டத்தின் ஒரு பங்கு.

கொஞ்ச காலம் பழகிய பிறகு 'ஞானஸ்நானம்' என்ற அர்த்தத்தில் ஒரு சடங்கு வைப்பார்கள். புதியவர் ஒரு தேர்ந்த ஆசானோடு வட்டத்துக்குள் இறங்குவார். ஆசான் அவரை மெதுவாகக் கீழே விழுத்துவார், ஒரு பட்டப்பெயரும் வைப்பார். பொலிஸிடம் சொந்தப் பெயர் போகாமலிருக்க வந்த வழக்கம் என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. தோட்டத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் யார்? இது ஒன்றில் நமக்குப் பயிற்சி தேவையில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள்: எல்லோரும் பார்க்க விழுவதையே சேர்க்கிற சடங்காக வைத்திருக்கிறார்கள். வளர்ந்த ஆளுக்கு அடிபடுவதைவிடப் பெரிய பயம் சிரிப்புக்கு ஆளாவதுதான். அந்தப் பயத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

நம்ம பக்கம்

இனி கொத்மலைக்கு வருவோம். மாசி மாதம் காமன் கம்பம் நட்டால், பகலில் மலையில் வேலை செய்த ஆட்கள் இரவில் மன்மதனாகவும் ரதியாகவும் எமனாகவும் வீரபத்திரனாகவும் இறங்குகிறார்கள். தப்பு இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று இன்னும் கூத்துகள் உண்டு. திருவிழாவில் கம்பு சுத்துவார்கள். இதையெல்லாம் எந்த அரசாங்கமும் கலைக்கழகமும் நமக்குக் கொண்டுவந்து தரவில்லை. நாடு, பிரஜாவுரிமை, காணி ஒன்றும் கையில் இல்லாத காலத்தில் லயத்து மக்கள் தாங்களே காப்பாற்றியது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து 200 வருஷ வரலாற்றை நினைவுகூர்ந்தார்களே, அந்த 200 வருஷத்துக்கும் இந்தக் கலைகள்தான் நம்ம ஆவணக் காப்பகம்.

ஆனால் இவற்றைப் பழகுகிற வழி ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பிடிப்பது. எங்கள் தோட்டத்தில் கம்பு சுத்துகிற ஒரு தாத்தாவிடம், "தாத்தா, எனக்குப் பழக்கித் தருவீங்களா?" என்று கேட்டேன். "அஞ்சு வயசுல வந்திருக்கணும்மா, இப்ப வந்து கேக்குற" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குப் பழக்கிய முறை அது ஒன்றுதான். வளர்ந்த ஒருவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அவர் யோசித்ததே இல்லை, யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை.

இதனால் யார் வெளியே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். சாதாரண தரம் முடித்ததும் முடிக்காததுமாகக் கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போகிற பையன்கள். ஆடைத் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டு வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள். டியூஷனிலும் உயர்தரத்திலும் பதின்ம வயது முழுவதையும் கொடுத்துவிட்டு கெம்பஸ் வந்த நாங்கள். ஊருக்குத் திரும்பும்போது எல்லோருமே வளர்ந்த ஆட்கள். சின்ன வயதில் பழகவில்லை என்றால் கிடையாது என்ற விதி இரண்டொரு சோம்பேறிகளைத் தள்ளிவைக்கவில்லை. ஒரு தலைமுறையையே வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

பெண்களுக்கு வயதே இன்னொரு பூட்டு. காமன் கூத்தில் ரதி வேஷமே வழமையாக ஆண் கட்டுவது. அழகாகக் கட்டுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது "பொம்பளப் புள்ள அங்க என்ன பண்ற?" என்று விரட்டிவிட்டு, இருபது வயதில் "சின்ன வயசுல பழகலையே" என்று சொன்னால், நாங்கள் எந்த வயதில்தான் வருவது? கப்போயிராவும் வெகுகாலம் ஆண்களின் வட்டம்தான். இன்று பெண் ஆசான்கள் இருக்கிறார்கள். மெஸ்ட்ரா ஜான்ஜா 1995இல் சாவோ பவுலோவில் தொடங்கிய நிசிங்கா குழு அதில் பெயர் பெற்றது. பழைய அங்கோலா வழியிலேயே நின்றுகொண்டு செய்தார்கள். மரபு இருந்தால் பெண் வர முடியாது என்ற வாதம் அங்கேயே உடைந்துபோனது.

அடுத்தது சாதி. இதைச் சொல்லாமல் தப்பைப் பற்றிப் பேசுவது ஏமாற்று. தப்பு அடிப்பவர் என்றதும் எந்த ஆட்கள் என்று கேட்கிற பழக்கம் லயத்தில் இன்றும் செத்துப்போகவில்லை. ஒரு காலத்தில் விடிவதற்கு முன் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்குக் கூப்பிட்டதும் தப்புதான். சாவுக்கும் அது வேண்டும், சாமிக்கும் வேண்டும், அடித்தவருக்கு மட்டும் நாற்காலி இல்லை. இப்போது கெம்பஸ் கலைவிழாவில் தப்பு அடித்தால் விசில் பறக்கிறது. அதே தாளத்தை எழவு வீட்டில் அடிக்கிற மாமாவை அந்த மேடைக்கு ஆசானாகக் கூப்பிட எத்தனை பேர் தயார்?

இங்கே தமிழ்நாட்டிலிருந்து ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில், தலித் சமூகத்து இளம் பெண்கள் பறை பழகி மேடை ஏறினார்கள். பறை ஆண்களின் கையில் மட்டும் இருந்தது, இழிவின் அடையாளமாகவும் இருந்தது. இரண்டையும் அந்தப் பெண்கள் ஒரே அடியில் கேள்வி கேட்டார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, பறை அடிக்கிற ஒருவரின் பெயரோடு 'ஆசான்' என்ற சொல் ஒட்டியிருப்பதை நாடே வாசித்தது. வகுப்பு எடுப்பவருக்குத்தான் ஆசான் என்ற பெயர் நிற்கும். வகுப்பே இல்லாத இடத்தில் அவர் வெறும் 'தப்படிக்கிற ஆள்'.

கதவைத் திறந்தால் திருடன் வரமாட்டானா?

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. அது நியாயமான எதிர்வாதம். வெளி ஆட்களுக்குத் திறந்துவிட்டால் கலை பிழைக்கும், கலைஞர் பிழைப்பாரா? படித்தவர்கள் வந்து பழகி, சான்றிதழ் எடுத்து, மேடையும் காசும் அவர்களுக்குப் போய், காலங்காலமாகக் காப்பாற்றியவர்கள் பழையபடி லயத்தில் உட்கார்ந்திருப்பார்களே?

கப்போயிரா இந்தக் கேள்விக்கு இனிமையான பதில் தரவில்லை. பிம்பா தன் மாணவர்களுக்குப் படிப்போ தொழிலோ இருக்க வேண்டும் என்று விதி வைத்தார். கலைக்கு மரியாதை தேடித்தந்த விதிதான், ஆனால் அதை வளர்த்த ஏழை இளைஞர்களில் பலருக்கு அதே விதி வாசலை அடைத்தது. கடைசியில் அதிகாரிகளின் ஆதரவு இல்லை என்ற கசப்போடு 1973இல் சல்வடோரைவிட்டே போனார். அடுத்த வருஷம் கொயானியா நகரில் இறந்தார். பாஸ்தீன்யா 1966இல் பிரேசிலின் சார்பில் செனகலின் டக்கார் நகரக் கலைவிழாவுக்குப் போனவர். அவரும் பள்ளி இருந்த கட்டடத்தை இழந்து, பார்வையும் போய், வறுமையில் 1981இல் இறந்தார். இருவரும் இறந்து பல வருஷம் கழித்து, 2008இல், பிரேசில் அரசு கப்போயிராவைத் தேசிய மரபாகப் பதிந்தது. 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் வட்டம் இடம்பிடித்தது. 2008ஆம் ஆண்டுப் பதிவில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: வட்டத்தைத் தனியாகவும், மெஸ்ட்ரிகளின் தொழிலைத் தனியாகவும் இரண்டாகப் பதிந்தார்கள். ஆட்டத்தைக் காப்பாற்றினால் ஆசானும் தானாகக் காப்பாற்றப்படுவார் என்பது பொய் என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

ஆகவே எதிர்வாதத்தின் பயம் சரி. அதிலிருந்து வருகிற முடிவுதான் சரியில்லை. கதவைப் பூட்டி வைத்தால் திருடன் வரமாட்டான், மாணவரும் வரமாட்டார். கதவைத் திறக்கும்போதே காசும் பெயரும் தீர்மானமும் யாருக்கு என்று பேசிவிட வேண்டும்.

ஒரு மணித்தியாலம் போதும்

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். புசல்லாவையிலோ இறம்பொடையிலோ தவலந்தென்னையிலோ, ஏதாவது ஒரு தோட்டத்தின் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, முன்பின் பழக்கம் இல்லாதவர்களுக்கு மட்டும். சொல்லிக்கொடுப்பவர் அந்தத் தோட்டத்தின் கூத்து மாஸ்டரோ, தப்பு அடிப்பவரோ, கம்பு சுத்துபவரோ. அவருடைய ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாமல் ஒவ்வொரு வகுப்புக்கும் கையில் கொடுக்க வேண்டும். இருபது பேர் சேர்ந்தால் தலைக்கு விழுவது பெரிய காசு இல்லை. வேலையும் கையில் காசும் இல்லாதவருக்கு இலவசம். பிம்பா அடைத்த வாசலை நாமும் அடைக்கக் கூடாது.

பாடத்தை உடைத்து அடுக்குவது எங்களை மாதிரிக் கலைப்பீடத்து மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. மாஸ்டரோடு உட்கார்ந்து, "இந்த அடவுக்கு முன்னால உடம்புல எது வரணும்?" என்று கேட்டுக் கேட்டு எழுதலாம், கைத்தொலைபேசியில் பதியலாம். பதிந்தது அவருடைய சொத்து, அவருடைய அனுமதி இல்லாமல் யூடியூப்பில் ஏற்றக்கூடாது. நாட்டார் வழக்காற்றியலில் ஒப்படை எழுதுவதற்கு வருஷா வருஷம் தோட்டத்துக்கு வந்து பேட்டி எடுத்துக்கொண்டு போகிறோம். பெறுபேறு நமக்கு, தேநீர்ச் செலவு அவருக்கு. ஒரு முறையாவது எழுதிக்கொண்டு போவதற்குப் பதிலாகப் பழகிவிட்டுப் போகலாம்.

பெண்களுக்கு ஆரம்பத்தில் தனி நேரம் வேண்டும் என்றால் வைப்போம், அதில் வெட்கம் இல்லை. குழந்தையைக் கூட்டி வர விடுவோம். கொழுந்து எடுத்து வந்த காலுக்கு இன்னொரு வேலையா என்று கேட்பார்கள். மூட்டை தூக்கிய தோளோடுதான் பிம்பா பழகினார், மலையில் இருந்து இறங்கிய காலோடுதான் நம்ம மன்மதன்கள் ராத்திரி முழுக்க ஆடுகிறார்கள். முழங்காலும் மணிக்கட்டும் இருபது வயதுக்குப் பிறகு கொஞ்சம் மெதுவாகத்தான் ஒத்துழைக்கும், உண்மை. அதற்குத்தான் மெதுவாகத் தொடங்குகிற பாடம்.

கொத்மலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது, அணை கட்டியதில் மூழ்கிப்போன கடதொர விகாரையின் இடிபாடு வெளியே தெரியும். அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். கல்லால் கட்டியது என்பதால் காத்திருக்கிறது. உடம்பில் இருக்கிற கலை அப்படிக் காத்திருக்காது. கம்பு சுத்துகிற தாத்தாவோடு போனால் போனதுதான், எந்த வறட்சியிலும் மேலே வராது.

அதனால் இதை வாசிக்கிற, இருபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த லீவில் ஊருக்குப் போகும்போது, உங்கள் தோட்டத்தில் தப்போ கூத்தோ கம்போ தெரிந்த ஒருவரிடம் போய், பழக்கித் தருவீர்களா என்று கேளுங்கள். வயசாகிவிட்டது என்று சொல்வார். கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் வரும் தாத்தா என்று சொல்லுங்கள். காசைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள்.